மாடித்தோட்டத்தில் தென்னை நார்க்கழிவுக் கட்டி: ஓராண்டு அனுபவம்

சென்ற ஆடி மாதத்தில் 5 கிலோ எடையுள்ள தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளை அழுத்திச் செய்தவை) இரண்டை வாங்கினேன். மண் நிரப்பிய தொட்டிகளை வரிசையாக வைத்தால் எங்கள் பழைய மாடி தாங்குமா என்ற கவலைதான் அதற்குக் காரணம். எடையைப் பொறுத்தவரை இப்பொருள் என்னை ஏமாற்றவில்லை. ஒரு கட்டி ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீரைக் குடித்து, பொலபொலவென்று உதிர்ந்து, பல பைகளை நிரப்பும் அளவுக்குப் பெருகியது.

ஆனால் 'ஊறவைத்து உடனே பயன்படுத்தலாம்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை நம்பி முதல் கட்டியில் நட்ட புதினாத் தண்டுகள் துளிர்த்தன. பத்தே நாளில் இலைகளின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும்படி கருகிவிட்டன. நார்க்கழிவில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் இயல்பாகவே மிகுதி. உப்பங்கழி நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் இன்னும் கூடும். இரண்டாவது கட்டியை ஊறவைத்துப் பிழிந்தபோது கட்டஞ்சாயா நிறத்தில் தண்ணீர் வடிந்தது. நிறம் தெளியும்வரை நான்கு முறை அலசிய பிறகு நட்ட புதினா, இன்றுவரை வாரந்தோறும் துவையலுக்குக் கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது.

நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, செடிக்குப் போதிய உணவு தராது. ஆகவே இரண்டு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று கலந்தேன். துளசிக்கு இக்கலவை மிகவும் பிடித்துப்போனது. கற்பூரவல்லிக்கு ஈரம் அதிகமாகி அடித்தண்டு அழுகியது. மணலைக் கூட்டிய பின்னரே அது தேறியது. மேற்பரப்பு வெளிறிக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும் என்பதால், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குண்டுமல்லிக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இளந்தளிர்களில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளித்தது. இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) கரைத்துத் தெளித்ததில் பச்சை திரும்பியது. எனினும் எடையில்லாத பை காற்றில் இருமுறை சாய்ந்து, வேர் அசைந்துவிட்டது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, செம்மண் மிகுந்த கனமான தொட்டிக்கு மாற்றினேன். பங்குனியில் அச்செடி கொத்துக் கொத்தாக அரும்பு கட்டியதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

கீரை, புதினா, துளசி வளர்ப்போர் இதைத் தயங்காமல் வாங்கலாம். விலை சற்றுக் கூடினாலும், உப்பு நீங்கக் கழுவியது என்று உறையில் குறிப்பிட்ட கட்டியையே அடுத்த முறை நான் கேட்டு வாங்குவேன். அலசுவதற்குச் செலவாகும் தண்ணீர் கோடையில் எங்கள் தெருவில் எளிதாகக் கிடைப்பதில்லை.