மேவரிக்கா, ஃபைட்டரா? ஒரே வானத்தில் இரண்டு படங்கள்

'ஃபைட்டர்' எதிர்பார்த்த அளவுக்கு ஓடாமல் போனபோது அதன் இயக்குநர் சித்தார்த் ஆனந்த் ஒரு காரணம் சொன்னார். நம் நாட்டில் தொண்ணூறு சதவீதம் பேர் விமானத்தில் ஏறியதே இல்லை, அதனால் வானத்தில் நடக்கும் சண்டையோடு அவர்களால் ஒட்ட முடியவில்லை என்பது அவருடைய விளக்கம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 'டாப் கன்: மேவரிக்' பார்த்தவர்களில் எத்தனை பேர் போர் விமானத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? உலகம் முழுக்க ஏறத்தாழ 149 கோடி டாலர் வசூலித்த படம் அது. இந்தியாவிலும் நன்றாக ஓடியது. விமானத்தையே பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்களும் அதில் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைப் பார்க்கத்தான் இரண்டையும் அருகருகே வைக்கிறேன். இரண்டின் கதையையும் கடைசிவரை பேச வேண்டியிருக்கும், பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. 2022 மே மாதம் வந்த ஜோசப் கொசின்ஸ்கியின் படத்தில் டாம் குரூஸ், மேவரிக் என்று அழைக்கப்படும் அமெரிக்கக் கடற்படையின் விமானி. 2024 ஜனவரி 25 அன்று வந்த சித்தார்த் ஆனந்தின் படத்தில் ஹிருத்திக் ரோஷன், இந்திய விமானப்படையின் விமானி. இரண்டு பேரும் மேலதிகாரி சொன்னதைக் கேட்காதவர்கள், அசாத்தியத் திறமைசாலிகள். இரண்டு பேர் முதுகிலும் ஒரு பழைய மரணம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இருவருமே ஒரு கட்டத்தில் பயிற்சி கொடுக்க அனுப்பப்படுகிறார்கள், பிறகு சண்டைக்குத் திரும்புகிறார்கள். மேவரிக்கின் இந்தி நகல் என்று 'ஃபைட்டரை'ப் பலர் ஒதுக்கியதற்கு இதுதான் காரணம். ஆனால் அது நகல் இல்லை. எந்த இடங்களில் மேவரிக்கைப் பின்பற்றவில்லையோ, அந்த இடங்களில்தான் அதன் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

முதலில் மேவரிக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தைத் தகர்க்க வேண்டும். அது ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது, சுற்றிலும் செங்குத்தான மலை. அங்கே போகும் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஏவுகணைகள். ராடாரில் சிக்காமல் இருக்கத் தரையை ஒட்டி, நூறு அடி உயரத்துக்கு மேல் போகாமல், வளைந்து வளைந்து பறக்க வேண்டும். இரண்டரை நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மலை உச்சியில் ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்து இறங்கி, மூன்று மீட்டருக்கும் குறைவான அகலம் கொண்ட ஒரு காற்றுப்போக்கியின் மீது குண்டு போட வேண்டும். முதல் குண்டு திறக்கும் வழியில் இரண்டாவது குண்டு விழ வேண்டும். அதன் பிறகு எதிரே நிற்கும் மலையில் மோதாமல் செங்குத்தாக மேலே எழ வேண்டும். அந்த நேரத்தில் உடல் எடை எட்டு ஒன்பது மடங்காகும், ரத்தம் மூளையை விட்டு இறங்கும், கண் இருட்டும். எஃப்-18 விமானத்தின் உடலே 7.5 ஜி வரைதான், அதாவது புவியீர்ப்பைப் போல ஏழரை மடங்கு விசை வரைதான், தாங்கும் என்று படத்திலேயே சொல்கிறார்கள்.

படம் பார்த்து ஆண்டுகள் ஆன பிறகும் இதையெல்லாம் என்னால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. காரணம், படம் நமக்கும் சேர்த்துப் பாடம் நடத்தியது. வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். அப்புறம் பயிற்சியில் இளைஞர்கள் ஒவ்வொருவராகத் தோற்கிறார்கள். ஒருவர் நேரத்தில் கோட்டை விடுகிறார், ஒருவர் மேலே எழும்போது மயங்கிச் சரிகிறார். நான்கு நிமிடமாக நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று மேலதிகாரி முடிவெடுக்கும்போது, அது எவ்வளவு ஆபத்து என்று நமக்கே தெரிகிறது. மேவரிக் அனுமதியில்லாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டேகால் நிமிடத்தில் முடித்துக் காட்டுகிறார். அந்தக் காட்சியில் எதிரி யாரும் இல்லை. வெற்றுப் பாலைவனமும் திரையில் ஓடும் கடிகாரமும்தான் இருக்கின்றன. ஆனாலும் மூச்சு நிற்கிறது.

அதனால் உண்மையான தாக்குதல் தொடங்கும்போது திரையரங்கில் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. குண்டுக்கு இலக்கைக் காட்டும் லேசர் வேலை செய்யவில்லை என்று ஒரு குரல் வந்தால் அதன் பொருள் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

'ஃபைட்டர்' இந்தப் பாடத்தை நடத்துவதில்லை. ஹிருத்திக் நடித்த பேட்டி என்கிற ஷம்ஷேர் பதானியா திடீரென்று ஒரு சாகசம் செய்வார், நாம் வியக்க வேண்டும். அந்தச் சாகசம் ஏன் கடினம், தவறினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே நமக்குத் தெரியாது. அவர் ஓட்டும் சுகோய்-30 எவ்வளவு பெரிய, எவ்வளவு வலுவான விமானம்! நம் விமானப்படையின் முதுகெலும்பே அதுதான். தஞ்சாவூர் தளத்திலேயே 2020 முதல் ஒரு படைப்பிரிவு இருக்கிறது. அதால் என்ன முடியும், என்ன முடியாது என்று படம் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்ப்பவரிடம் எதையும் கற்றுக்கொடுக்காமல், அவர்கள் விமானம் ஏறியதில்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

இதற்கு 'ஃபைட்டரே' ஒரு சாட்சி தருகிறது. அந்தப் படத்தின் ஆகச் சிறந்த வான்காட்சி, தாஜ், பாஷ் என்ற இருவர் எதிரியைத் துரத்திக்கொண்டு எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிவிடும் இடம். அங்கே எனக்கு உண்மையாகவே வயிறு கலங்கியது. அந்தக் கோடு என்றால் என்ன, தாண்டினால் என்ன நடக்கும் என்று இந்தியாவில் எல்லோருக்கும் தெரியும். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 வீழ்த்தப்பட்டு அவர் பிடிபட்டதும், மார்ச் 1 அன்று திரும்பி வந்ததும் யாருக்கு மறந்திருக்கும்? நமக்குத் தெரிந்த ஒரு விதியை வைத்துப் படம் விளையாடியபோது, விமானம் ஏறியவரும் ஏறாதவரும் ஒன்றாகத்தான் பதறினோம்.

அடுத்து எல்லோரும் பேசும் கிராபிக்ஸ் விஷயம். மேவரிக்கில் எல்லாமே நிஜம் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. ஏவுகணைகள், எதிரி விமானங்கள், தொடக்கத்தில் வரும் அதிவேக விமானம் எல்லாம் கணினியின் உதவியோடு வந்தவை. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரையே அந்தப் படத்துக்குக் கிடைத்தது. விருதாகக் கிடைத்தது ஒலிக்கு. நிஜம் என்பது நடிகர்களின் முகம். இரண்டு இருக்கை எஃப்-18-ல் முன்னால் கடற்படை விமானி ஓட்ட, பின்னால் நடிகர் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆறு கேமராக்கள். இயக்குநர் கூடப் போக முடியாது என்பதால் கேமராவை இயக்குவதையும் நடிகர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குமுன் சிறிய விமானத்தில் தொடங்கிப் படிப்படியாக மாதக்கணக்கில் பயிற்சி. கன்னம் இழுபடுவதும் கண் செருகுவதும் நடித்து வந்தவை இல்லை.

இந்த வசதி சித்தார்த் ஆனந்துக்குக் கிடைக்கவில்லை, அதை அவர் குறையாக எண்ண மாட்டேன். தேஜ்பூர் விமானப்படைத் தளத்திலும் துண்டிகல் விமானப்படைக் கழகத்திலும் படம் எடுக்க அனுமதி வாங்கி, உண்மையான சுகோய்களைத் திரையில் கொண்டுவந்திருக்கிறார். ஓடுபாதையில் அவை வரிசையாக நகரும் காட்சிகளுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. காக்பிட்டுக்குள் வந்தவுடன் அது போய்விடுகிறது. எல்லோரும் சலனமில்லாத முகத்தோடு தெளிவாக வசனம் பேசுகிறார்கள். பணம் குறைவாக இருந்தாலும் மூச்சுத் திணறலை நடிகர்களிடம் கேட்டு வாங்கியிருக்கலாம்.

குற்றவுணர்ச்சியை எடுத்துக்கொண்டால், இரண்டு படங்களும் மிக நெருங்கி வருகின்றன. மேவரிக்கின் பழைய தோழன் கூஸ் 1986-ல் வந்த முதல் படத்தில் இறந்தவன். இப்போது அவன் மகன் ரூஸ்டர், மேவரிக்கிடம் பயிற்சிக்கு வருகிறான். 'ஃபைட்டரில்' பேட்டியின் அதீதத் தன்னம்பிக்கையால் இறந்தவள் நைனா, அவனுக்கு மனைவியாக இருந்திருக்க வேண்டியவள். அவளுடைய அண்ணன் ராக்கிதான் இப்போது பேட்டியின் மேலதிகாரி. அனில் கபூரின் அந்த இறுகிய முகமும் குறைவான பேச்சும் படத்தின் பெரிய சொத்து.

மேவரிக்கில் இந்தக் காயம் நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர் ரூஸ்டரைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் கனக்கிறது. கடற்படைக் கழகத்துக்கு ரூஸ்டர் போட்ட விண்ணப்பத்தை மேவரிக் தடுத்தது ரூஸ்டரின் தாய் கேட்டுக்கொண்டதால்தான். அதை ரூஸ்டரிடம் சொல்லாமல் வெறுப்பைத் தானே வாங்கிக்கொள்வது அருமையான எழுத்து. 'ஃபைட்டரோ' ராக்கியின் கோபத்துக்கான காரணத்தை மறைத்து வைத்து, தாமதமாகத்தான் திறக்கிறது. திறக்கும்போது ஓர் அதிர்ச்சி கிடைக்கிறது, சரி. ஆனால் அதற்கு முந்தைய காட்சிகளில் அனில் கபூர் வெறும் கறாரான அதிகாரியாகத் தெரிந்துவிட்டார். எவ்வளவு வீண்!

வால் கில்மர் வரும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டைப் புற்றுநோயால் உண்மையிலேயே குரலை இழந்திருந்த அவர், முதல் படத்தில் மேவரிக்கின் போட்டியாளராக இருந்த ஐஸ்மேனாகக் கணினியில் தட்டச்சு செய்து பேசுகிறார். பிறகு எழுந்து நின்று சில சொற்களை உடைந்த குரலில் சொல்கிறார். 2025 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு அதை மறுபடி பார்ப்பது எளிதாக இல்லை. இதற்கு இணையான ஒன்று 'ஃபைட்டரில்' இல்லை, இருக்கவும் முடியாது. முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்த படத்துக்குக் கிடைக்கும் கொடுப்பினை அது.

பெண்களைக் காட்டிய விதத்தில் எனக்கு இரண்டு மனது. மேவரிக்கின் ஃபீனிக்ஸ், மோனிகா பார்பரோ நடித்தது, ஒரு விமானி. அவ்வளவுதான். அவள் பெண் என்பதைப் படம் ஒரு பிரச்சினையாக ஆக்காமல் முக்கியத் தாக்குதலுக்கு அனுப்புகிறது. தீபிகா படுகோனின் மின்னி ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். 2016-லேயே அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் நம் விமானப்படையின் போர் விமானப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டார்கள். மின்னியைச் சுகோயில் உட்கார வைக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனாலும் அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. மகள் விமானப்படைக்குப் போனதை ஏற்காத அப்பா இருக்கிறார். அவரைப் பேட்டி போய்ப் பார்க்கும் காட்சியும், அவர் உடைந்து போவதும் என்னை அசைத்தன. ஃபீனிக்ஸின் அப்பா அம்மா யார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. குடும்பத்தை விட்டுவிட்டுக் கதை சொல்ல இந்திப் படத்துக்கு மனம் வராது. இந்த இடத்தில் அது நல்லதாகவே முடிந்தது.

எதிரி விஷயம்தான் கடினமானது. 'ஃபைட்டர்' பாகிஸ்தான் என்று பெயர் சொல்கிறது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்ததையும் அதன் பிறகு பாகிஸ்தானுக்குள் இந்தியா நடத்திய பாலாகோட் விமானத் தாக்குதலையும் கதைக்குள் கொண்டுவருகிறது. பிறகு அசார் அக்தர் என்ற ஒரு வில்லனை உருவாக்கி, எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டி, கடைசியில் கதாநாயகனும் அவனும் தரையில் கைகலப்பில் இறங்குகிறார்கள். விமானப்படைப் படம் குத்துச்சண்டையில் முடிவது ஏன்? நாற்பது குடும்பங்களின் உண்மையான இழப்பைத் தொட்ட கதை, கைதட்டலுக்கான வசனத்தில் போய் நிற்பது எனக்கு உறுத்தியது.

மேவரிக் எதிரியின் பெயரையே சொல்வதில்லை. முகக்கவசத்துக்குள் முகம்கூடத் தெரியாது. திரைக்கலை என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனம், கவனம் முழுக்க மலையிலும் நேரத்திலும் நிற்கிறது. ஆனால் இன்னொரு நாட்டுக்குள் புகுந்து குண்டு போடுவது சரியா என்ற கேள்வியை அந்தப் படத்தில் ஒரே ஒரு ஆள்கூடக் கேட்பதில்லை. 2025 ஜூன் மாதம் அமெரிக்க விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தின் மீது உண்மையாகவே குண்டு வீசிய பிறகு, பெயரில்லாத அந்த நாட்டைப் பெயரில்லாமல் பார்க்க எனக்கு முடியவில்லை. 'ஃபைட்டர்' அதன் அரசியலை உரக்கக் கத்துகிறது. மேவரிக் அதை விழுங்கிவிடுகிறது. இதில் ஒன்று மற்றதைவிட நேர்மையானது என்று சொல்ல மாட்டேன்.

பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேவரிக்கின் கடற்கரைக் கால்பந்துக் காட்சியும் ஒரு பாட்டு மாதிரிதான், ஆனால் அது ஒரு குழுவை ஒட்டவைக்கிறது. 'ஃபைட்டர்' 2 மணி 46 நிமிடம் ஓடுகிறது. இருபது நிமிடம் குறைத்திருந்தால் படத்துக்கே நல்லது.

ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் மேவரிக், சந்தேகமே இல்லை. பெரிய திரையில் மறுவெளியீடு வந்தால் விடாதீர்கள். ஒலிக்காகவே போகலாம். 'ஃபைட்டரை' வீட்டில் பாருங்கள், எல்லைக் கோட்டுக் காட்சிக்காகவும் அனில் கபூருக்காகவும்.

இந்திய விமானப்படையைப் பற்றி இன்னொன்று வேண்டுமென்றால் 2025 ஜனவரியில் வந்த 'ஸ்கை ஃபோர்ஸ்' இருக்கிறது. திரைக்கதை தடுமாறும், வசனம் உரக்க இருக்கும். ஆனால் அதன் மூலக்கதை எந்த ஹாலிவுட் கதைக்கும் குறைந்ததில்லை. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தின் மீதான தாக்குதலின்போது, குடகைச் சேர்ந்த இந்திய விமானி தேவையா ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் மிஸ்டேர் விமானத்தை வைத்துக்கொண்டு, ஒலியைவிட இரு மடங்கு வேகம் கொண்ட பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். அவர் திரும்பி வரவில்லை. நடந்தது என்ன என்று இந்தியாவுக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆயின. மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது 1988-ல்தான். மெதுவான விமானம் எப்படி வேகமான விமானத்தைத் தன் வட்டத்துக்குள் இழுக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, அந்த மோதலை முழுதாகக் காட்டும் ஒரு படத்தை இந்தியிலோ தமிழிலோ யாராவது எடுத்தால், நான் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.