வாய் நாற்றத்துக்கு கிராம்பா, புதினாவா, கிரீன் டீயா?

வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் மாவு போன்ற படிவிலிருந்து வருகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தைல் மெர்காப்டன் ஆகிய கந்தக வாயுக்களை வெளியேற்றுகின்றன. இந்த வாயுவைப் பிடித்து மாற்றும் பொருள் எது, வாசனையால் மூடிவைப்பது எது என்று பார்த்தாலே தேர்வு பாதி முடிந்துவிடும்.

புதினா மிட்டாய் மூடிவைக்கும் வகை. மெந்தாலின் குளிர்ச்சி அடங்கியதும் பழைய நாற்றம் திரும்பிவிடும். கிராம்பு அதைவிட மேல். அதிலுள்ள யூஜெனால் பாக்டீரியாவையே தாக்கும். ஒன்றை வாயில் அடக்கி மென்றால் போதும். நீர்க்காத கிராம்பு எண்ணெயைத் தடவினால் ஈறு வெந்துபோகும்.

என் சாய்வு கிரீன் டீ பக்கம். அதன் கேட்டசின்கள் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள்) கந்தக வாயுவோடு வேதிவினை புரிந்து அதையே மாற்றிவிடுகின்றன. 2 கிராம் இலையை 100 மி.லி. வெந்நீரில் (80 டிகிரி) 5 நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் 30 விநாடி வாயில் சுழற்றி, தலையை அண்ணாந்து தொண்டைவரை கொப்பளித்துத் துப்ப வேண்டும். சர்க்கரை கூடாது. பாலும் கூடாது, பாலின் புரதம் கேட்டசினைப் பிடித்துக்கொள்ளும். காலையில் போட்டதை மாலைவரை வைத்தால் இளமஞ்சள் நீர் பழுப்பாகும். அப்போது கேட்டசின்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிட்டன என்று பொருள், கொட்டிவிடுங்கள். அடிக்கடி கொப்பளித்தால் பல்லில் கறை ஏறலாம் என்பது இதன் குறை.

பலர் ஏமாறுவது நேரக் கணக்கில். கொப்பளித்ததும் வாயு சட்டென்று குறையும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஊறிவிடும். ஊற்று அந்தப் படிவு என்பதால், முதலில் நாக்கு வழிப்பானால் பின்னிருந்து முன்னாக நாலைந்து முறை வழித்துவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். படிவின்மேல் ஊற்றினால் மேல்பூச்சு மட்டும் நனையும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டியால் நாக்கின் பின்பகுதியை வழித்து, ஒரு நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள்.

பூண்டு நாற்றம் மட்டும் வேறு கணக்கு. அதன் அல்லைல் மீத்தைல் சல்பைடு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருகிறது, கொப்பளிப்பு எட்டாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில் கிரீன் டீக்குப் பலனே இல்லை. வேகவைக்காத புதினா இலையும் வேகவைக்காத ஆப்பிளும் நன்றாக வேலை செய்தன. இலையிலுள்ள ஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களும் நொதியும் சேர்ந்து செய்யும் வேலை அது. வேகவைத்தால் நொதி அழிந்துவிடும் என்பதால், பூண்டு தின்ற கையோடு இலையைப் பச்சையாகவே மெல்லுங்கள்.