கிளினிக் கொப்பியின் அளவுகளுக்கு எல்எம்இ4 பொருந்துமா?

வவுனியா, செட்டிகுளம் பக்கத்துச் சிறுநீரக கிளினிக் கொப்பிகளில் உள்ள கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவுப்பொருள்) அளவுகளைக் கொண்டு, ஒருவருடைய சிறுநீரகம் ஆண்டுக்கு எவ்வளவு தளர்கிறது என்று கணிக்க முற்படுபவருக்கு முதலில் தடையாக வருவது அளவுகளின் ஒழுங்கற்ற இடைவெளி. காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் வயலை விட்டுவிட்டு வருவோர் குறைவு. எல்லோருக்கும் ஒரே நாட்களில் எடுத்த முழுமையான அளவுகளை எதிர்பார்க்கும் பழைய மாறற்றிறன் பகுப்பாய்வுக்கு (அனோவா) இத்தகைய தரவைக் கொடுத்தால், பாதிப்பேரை நீக்கிவிட்டே அது வேலையைத் தொடங்கும்.

ஆர் என்னும் இலவசப் புள்ளிவிபர மென்பொருளில் இயங்கும் எல்எம்இ4 தொகுப்பின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. நீள்காலத் தரவுகளுக்காக 1982இல் லேர்ட், வேர் இருவரும் முன்வைத்த கலப்பு மாதிரியின் வழியில், எல்லோருக்கும் பொதுவான சரிவையும் ஒவ்வொருவருக்கும் உரிய தொடக்க மட்டத்தையும் சரிவையும் அது ஒருங்கே மதிப்பிடுகிறது. இரண்டே அளவுகள் உள்ளவரையும் விலக்காமல், அவருடைய கோட்டைப் பொதுக் கோட்டின் பக்கம் சற்று இழுத்து வைக்கிறது. அப்படிப்பட்டவர்களே மிகுந்திருந்தால் தனிச்சரிவுகளின் மாறற்றிறன், அதாவது சரிவு ஆளுக்காள் வேறுபடும் அளவு, பூச்சியத்தில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையம் வேண்டியதில்லை, பழைய மடிக்கணினியிலும் விரைவாக ஓடுகிறது.

ஒரு விளைவு தற்செயலானதா என்று பார்க்க உதவும் பி பெறுமானம் அச்சாகாதது புதியவர்களைத் திகைக்க வைக்கும். தொகுப்பை எழுதிய டக்ளஸ் பேற்ஸும் உடனாசிரியர்களும் அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் விடாப்பிடியாகக் கேட்டால் எல்எம்இஆர்டெஸ்ட் என்ற துணைத்தொகுப்பு கைகொடுக்கும். அடுத்தடுத்த அளவுகளின் வழுக்களுக்கு (கோட்டிலிருந்து விலகும் அளவுகளுக்கு) இடையிலான தொடர்பை மாதிரிப்படுத்த வேண்டுமானால் பழைய என்எல்எம்இ தொகுப்புக்கே திரும்ப வேண்டும்.

என் முக்கியமான குறை வேறு. அதைத் தொகுப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது. விடுபட்ட அளவுகளின் காரணம் பதிவான அளவுகளிலேயே அடங்கியிருக்கிறது என்று இம்மாதிரி எடுத்துக்கொள்கிறது. விதைப்புக்காக வராதவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கடைசி வருகைக்குப் பின் சட்டென்று மோசமாகி இறந்தவருக்கும் டயாலிசிஸுக்கு மாறியவருக்கும் அது பொருந்தாது. அவர்கள் மிகுந்த தரவில் சரிவு உண்மையைவிட மெதுவாகத் தோன்றக்கூடும், எந்த எச்சரிக்கையும் வராது. இத்தகைய தரவுக்கு, அளவுகளையும் விலகும் காலத்தையும் சேர்த்து மாதிரிப்படுத்தும், ரிஸொபுலொஸ் எழுதிய ஜேஎம் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். ஒருவர் எப்போது, எதனால் கிளினிக்கை விட்டார் என்பதற்குத் தரவு அட்டவணையில் தனி நிரல் வேண்டும். கொப்பிகளைக் கணினியில் பதியத் தொடங்குமுன்பே அந்த நிரலைத் திறந்து வைப்பது நல்லது.