வெள்ளையை விழுங்கிய மஞ்சள்: டியூரரின் மிகாவேல் மறுபதிப்பு

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்குப் படம் (மரப்பலகையில் செதுக்கி, மை தடவி அச்சடித்தது), தேவதூதன் மிகாவேல் வலுசர்ப்பத்தோடு, அதாவது டிராகனோடு, போரிடுவது. அதன் மறுபதிப்பை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். படத்துக்கு மதிப்பெண் போட நான் யார்? இது அச்சுக்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூலம் ஏறத்தாழ 39 x 28 செ.மீ. இவர்களும் அதே அளவில் கொடுத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க ஒட்டும் போஸ்டராக ஊதாமல் விட்டதற்கே ஒரு நட்சத்திரம். கையில் பிடித்து மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்கான படம் இது. 1498இல் நியூரம்பெர்கில் டியூரர் தானே வெளியிட்ட புத்தகத்தில் வந்தது: பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 15 படங்கள், லத்தீனில் ஒரு பதிப்பு, ஜெர்மனில் ஒரு பதிப்பு. இது 12ஆம் அதிகாரத்துப் போர்.

மிகாவேலைப் பாருங்கள். தேவதூதன் என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஒய்யாரம் எதுவும் இல்லை. கிணற்றில் கடப்பாரை இறக்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்து, முழு பலத்தோடு வலுசர்ப்பத்தின் தொண்டையில் இறக்குகிறார். கூட இருக்கும் தூதர்களில் ஒருவர் வில் வளைக்கிறார், மற்றவர்கள் வாள் வீசுகிறார்கள். எல்லாம் மேலே, வானத்தில். கீழே ஊர், மரங்கள், நீர்ப்பரப்பு. அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்த மாதிரி இல்லை.

இதையெல்லாம் காட்ட டியூரரிடம் இருந்தது கருப்பு மை ஒன்றுதான். வெளிச்சம் முழுக்க காகிதம் தருவது. மரச்செதுக்கில் மேடாக நிற்கும் மரம் மட்டுமே மை வாங்கும். ஒரு கோடு கருப்பாக விழ வேண்டுமென்றால் அதன் இரு பக்கமும் செதுக்கியாக வேண்டும். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இடத்தில் நடுவே தெரியும் ஒவ்வொரு பொடி வெள்ளையும் கத்தி முனையால் தனியாகத் தோண்டியது. மேலே வானத்தில் கோடுகளை நெருக்கிப் போட்டுவிட்டு, கீழே நிலத்தில் காகிதத்தை மூச்சுவிட விட்டிருக்கிறார். படத்தின் நாடகமே அதில்தான் இருக்கிறது.

கடைக்காரர்கள் கைவைத்ததும் அங்கேதான். 'பழமைத் தோற்றம்' தருகிறோம் என்று முழுப் படத்துக்கும் ஒரு மஞ்சள் பூச்சு! நான் அச்சுத் தொழிலில் இருந்தவன், லூப் (அச்சுக்காரர்களின் உருப்பெருக்கிக் கண்ணாடி) இல்லாமல் எதையும் பார்க்க மாட்டேன். வைத்துப் பார்த்தால் காகிதம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இங்க்ஜெட் புள்ளி. இறக்கை மடிப்புகளில் நெருங்கி ஓடும் கோடுகள் மஞ்சளோடு சேர்ந்து ஒரே பழுப்பாகிவிட்டன. வானமும் நிலமும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. அந்தக் காலத்துக் காகிதம் பளீர் வெள்ளை இல்லை, சரி. ஆனால் அது காகிதத்தின் நிறம். மேலே அடித்த மை இல்லை.

காகிதம் தடிமன், மேட், கண் கூசவில்லை. பேக்கிங்கில் குறையில்லை. பின்பக்கம் வெறுமை. புத்தகத்தில் படத்தின் பின்னால் எழுத்து அச்சாகியிருக்கும். அதையும் சேர்த்திருந்தால் நான் விலை பார்க்காமல் வாங்கியிருப்பேன், ஆனால் என்னைப் போல எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்.

சட்டம் போடுகிறவர்களுக்கு: அடி ஓரத்தில் டியூரரின் 'ஏடி' முத்திரை (பெயரின் முதலெழுத்துகள் A, D) இருக்கிறது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை அதை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா? மஞ்சள் இல்லாத பதிப்பு கிடைத்தால் தாராளமாக. இல்லையென்றால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. இந்தப் படமும் அங்கே உண்டு. இறக்கி, நிறத்தை நீக்கி, உங்களுக்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுங்கள். கருப்பு மட்டும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். நான்கு நிறத்தையும் கலந்து கருப்பு செய்தால் கோட்டோரத்தில் நிறம் கசியும்.