பத்து வருஷம், 250 புள்ளி: ஒரு அத்லெட்டிக் ட்ரெய்னரின் தொடர்கல்விக் கணக்கு

ஊரில் அம்மா இன்னும் என்னை "அமெரிக்காவுல ஜிம் மாஸ்டர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். அமெரிக்காவில் அத்லெட்டிக் ட்ரெய்னர் என்றால், மைதானத்தில் ஒரு பையன் விழுந்ததும் முதலில் ஓடுகிற ஆள். பிறகு அவனை ஆட்டத்துக்குத் தேற்றிக் கொண்டுவருகிறவரும் அவரே. நான் ஜார்ஜியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன்.

எங்களுக்குச் சான்று தரும் அமைப்பு பி.ஓ.சி. அதைத் தக்கவைக்க இரண்டு வருஷத்துக்கு 50 சி.இ.யூ., அதாவது தொடர்கல்விப் புள்ளி, சேர்க்க வேண்டும், ஒரு மணி நேரப் படிப்புக்கு ஒரு புள்ளி. 2014-க்கு முன்பு மூன்று வருஷத்துக்கு 75. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கெடுதான் சீக்கிரம் வந்து நிற்கிறது. 2014 முதல் 2023 வரை ஐந்து சுழற்சி முடித்தேன்.

முதல் இரண்டு சுழற்சியை ஓர் ஆன்லைன் சந்தாவை நம்பியே ஓட்டினேன். டிசம்பர் கடைசி வாரம், ஒரு பக்கம் வீடியோ ஓட, மறுபக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பேன். முடிவில் பத்துக் கேள்வி. தப்பானால் மறுபடி எழுதலாம், தேறும்வரை. கணுக்கால் சுளுக்கு பற்றி ஒரே சரக்கை மூன்று தலைப்பில் பார்த்திருக்கிறேன். புள்ளி வந்தது, கைக்கு எதுவும் வரவில்லை.

படித்ததில் பயன்பட்டதெல்லாம், "நீ செய்துகொண்டிருப்பது தப்பு" என்று சொன்ன பாடங்கள்தான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவனை இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைக்கச் சொல்லி அனுப்பியவன் நான். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு அறிகுறியை அதிகம் கிளறாத மெல்லிய நடை என்று இன்று சொல்கிறோம். அடிபட்ட இடத்தில் ஐஸ் வைப்பதும் அப்படித்தான். 1978-இல் 'ரைஸ்' (ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, உயர்த்தி வை) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் பள்ளி ஐஸ் மெஷின் முன்னால் இன்னும் வரிசை நிற்கிறது என்பது வேறு கதை.

மிச்சமெல்லாம் ஒருபுறம், வெப்பம் ஒருபுறம். 2001 ஆகஸ்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சியில் வெப்பத்தாக்கால் இறந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் இயங்கும் மையம் ஓயாமல் சொல்வது ஒன்றே: முதலில் குளிர்வி, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இதை வீடியோவில் ஐந்து தடவையாவது கேட்டிருப்பேன். 2018 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த, அத்லெட்டிக் ட்ரெய்னர்களின் தேசியச் சங்கமான 'நாட்டா'வின் மாநாட்டுக்குப் போய்வந்த சூட்டோடு ஒரு சிறிய செய்முறை வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் அது உறைத்தது. வாய், காது, நெற்றி வெப்பமானி எதையும் நம்பக்கூடாது, மலக்குடல் வெப்பநிலைதான் கணக்கு. பொம்மையை வைத்துப் பழகும்போதே கூச்சமாக இருந்தது. பெற்றோரிடம் இதை எப்படி விளக்குவது என்பதற்கே முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். எந்த வினாத்தாளிலும் அது வந்ததில்லை.

குளிர்விக்க ஐஸ் தண்ணீர்த் தொட்டி இல்லாத இடத்துக்குத் தார்ப்பாய். பையனை நடுவில் கிடத்தி, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, ஐஸும் தண்ணீரும் கொட்டி ஆட்ட வேண்டும். உள்வெப்பம் 102 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது: நாலு பேரில் ஒருவர் பிடியை விட்டாலும் தண்ணீரெல்லாம் புல்லுக்குப் போய்விடும்.

சந்தாவை அந்த வருஷமே நிறுத்தினேன். ஆன்லைனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிராமப்புறப் பள்ளியில் தனி ஆளாக இருப்பவர் மாநாட்டுக்கு விமானம் பிடிக்க முடியாது. மருந்து, சட்டம், ஆவணம் போன்றவற்றுக்கு வீடியோ போதும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பாதிப் புள்ளியாவது கையால் செய்யும் வகுப்பில் எடுங்கள். சான்றிதழ் பி.டி.எஃப்.களை வந்த அன்றே ஒரே ஃபோல்டரில் போடுங்கள், பி.ஓ.சி.யின் தணிக்கைக் கடிதம் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

2023 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்ததும், களத்திலேயே நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சி.பி.ஆர். நடந்ததும் நாடே பார்த்தது. அடுத்த வாரமே எங்கள் தலைமையாசிரியர் நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டு வந்தார். அத்தனை வருஷமாக அது அவர் அறைக்கு எதிர்ச் சுவரில்தான் தொங்குகிறது.

இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் கோச்சுகளை வைத்துத் தார்ப்பாய் ஒத்திகை நடத்துகிறேன். பிடியை விடாத ஒரே ஆள் எங்கள் வாலிபால் கோச். அந்த ஒத்திகைக்குப் புள்ளி உண்டா என்று நான் கேட்டதில்லை.