ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குக்கு: கோச்சா, ரயிலா?

லண்டனின் இரண்டு விமான நிலையங்களான ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். சாலையில் போனால் எழுபதை நெருங்கும். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் தெற்கே போய், அப்புறம் எம்23-இல் திரும்ப வேண்டும். நேரடி ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ஹீத்ரோவில் இறங்கி, கேட்விக்கில் கரீபியன் விமானமோ ஈஸிஜெட்டோ பிடிக்கிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

டாக்ஸியை முதலிலேயே தள்ளிவிடலாம். காசு பல மடங்கு, நெரிசலோ கோச் எனும் நெடுந்தூரப் பேருந்துக்கு உள்ள அதே நெரிசல்.

நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச்சில் வசதி அதிகம். பெட்டியை அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் கேட்விக்கில் எழுந்தால் போதும். அட்டவணைப்படி ஒன்றே கால் மணி நேரம், முன்னே பின்னே ஆகலாம். அந்த முன்னே பின்னேதான் சிக்கல். ஹீத்ரோவை ஒட்டிய எம்25 பகுதி பிரிட்டனிலேயே நெரிசல் மிகுந்த சாலைகளில் ஒன்று. ஒரு லாரி மோதி நின்றால் போதும், இரண்டரை மணி நேரம்கூட ஆகும். நடுவில் இறங்கி வேறு வழி பார்க்கவும் முடியாது.

அதனால் என் ஓட்டு ரயிலுக்கு. 2022 நவம்பரில் எலிசபெத் லைன் என்ற நகர ரயில் ஹீத்ரோவிலிருந்து நகர மையம் வரை நேராக ஓடத் தொடங்கியபின், மத்திய லண்டனின் ஃபாரிங்டன் நிலையத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஹீத்ரோ–ஃபாரிங்டன் நாற்பது நிமிடம், அங்கிருந்து கேட்விக்குக்கு தேம்ஸ்லிங்க் ரயிலில் முக்கால் மணி. நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். கோச்சைவிட மெதுவுதான், ஆனால் பெரும்பாலான நாட்களில் அதே ஒன்றே முக்கால்தான்.

எலிசபெத் லைன் வண்டி 200 மீட்டருக்கு மேல் நீளம். கடைசிப் பெட்டிகளில் ஏறுங்கள். ஃபாரிங்டனில் தேம்ஸ்லிங்க் பக்க வழி அங்கேதான் வரும். முன்பக்கம் இறங்கினால் பார்பிக்கன் பக்கம் போய்விடுவீர்கள். லிஃப்ட் உண்டு. பிறகு பிரைட்டன், ஹார்ஷம், த்ரீ பிரிட்ஜஸ் என்று போட்ட வண்டியில் ஏறலாம். சட்டன் வண்டி கேட்விக் போகாது. ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் ஏறிவிட வேண்டாம்: விலை அதிகம், பாடிங்டனோடு நின்றுவிடும்.

டிக்கெட் தேவையில்லை, கான்டாக்ட்லெஸ் கார்டு போதும். நுழையும்போது போனையும் வெளியேறும்போது கார்டையும் தட்டினால் இரண்டு அரைகுறைப் பயணங்களாகக் கணக்காகி, அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் ஊரிலேயே ஆப்பில் திறந்து வையுங்கள்.

கோச்சே மேல் என்று சொல்லும் நேரங்களும் உண்டு: நள்ளிரவுக்குப் பிறகு எலிசபெத் லைன் ஓடாது, ஞாயிறுகளில் கேட்விக் வழியாகப் போகும் பிரைட்டன் தடத்தில் பராமரிப்பு வேலை நடக்கலாம், ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டியும் கைக்குழந்தையும் இருந்தால் ஃபாரிங்டன் பாடுதான்.

இமிகிரேஷனும் பெட்டியும் ஒன்றரை மணி, பயணம் இரண்டு, கேட்விக்கில் பெட்டி ஒப்படைக்க ஒன்றரை. மொத்தம் ஐந்து மணி நேரம்; தாமதத்துக்கும் இடம் விட்டு, தனித்தனி டிக்கெட் என்றால் ஆறு மணி நேர இடைவெளிக்குக் குறையாமல் வாங்குங்கள். நார்த் டெர்மினல் என்றால் ரயில் நிலையம் இருக்கும் சவுத்திலிருந்து இலவச ஷட்டிலுக்கும் சில நிமிடம் சேருங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் டிக்கெட் போடுமுன் விசாவைப் பாருங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கான டிரான்சிட் விசாவில் பார்டரைத் தாண்ட முடியாது. ஹீத்ரோவை விட்டு வெளியே வர, பொதுவாக 48 மணி நேரம் தங்க விடும் 'விசிட்டர் இன் டிரான்சிட்' விசாவோ சாதாரண விசிட்டர் விசாவோ கையில் இருக்க வேண்டும்.