1,050 சதுர அடி, இரண்டு பிளான்: எது குடித்தனத்துக்கு ஏற்றது?

சென்னையில் ஃபிளாட் தேடுகிற யாருடைய போனிலும் நாலைந்து பிளான் பி.டி.எஃப். கிடக்கும். அவற்றை எதை வைத்து ஒப்பிடுகிறோம்? விலை, சதுர அடி, வாசல் எந்தத் திசை. இந்த மூன்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு அந்த வீட்டில் சோபா எங்கே போகும், பீரோ எங்கே நிற்கும், மாமியார் குளித்துவிட்டு யார் முன்னால் நடந்து போக வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது வேறு ஒரு விஷயம். ஹாலில் எத்தனை கதவு திறக்கிறது, எங்கே திறக்கிறது என்பதுதான் அது. டூ பெட்ரூம் அளவுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதைக் காட்ட இரண்டு பிளான்களை எடுத்துக்கொள்கிறேன். குறிப்பிட்ட எந்த புரமோட்டருடையதும் அல்ல. புறநகரில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வகைகளை எண்களாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் பிளானில் ஹால் ஒரு பக்கம், படுக்கையறைகள் மறுபக்கம், நடுவே ஒரு பாசேஜ். இரண்டாம் பிளானில் பாசேஜே கிடையாது. நீளமான ஹால் நடுவில் ஓட, அறைகள் அதன் இரண்டு பக்கமும் திறக்கின்றன.

| இடம் | பாசேஜ் பிளான் | நடு ஹால் பிளான் |
|---|---|---|
| ஹால், டைனிங் | 11 x 20 = 220 | 12 x 24 = 288 |
| பாசேஜ் | 3½ x 12 = 42 | இல்லை |
| சமையலறை | 8 x 9 = 72 | 8 x 9 = 72 |
| பெரிய படுக்கையறை | 11 x 13 = 143 | 11 x 12 = 132 |
| சின்ன படுக்கையறை | 10 x 11 = 110 | 10 x 11 = 110 |
| இரண்டு பாத்ரூம் | 76 | 76 |
| உள்சுவர்கள் | 37 | 37 |
| கார்ப்பெட் ஏரியா | 700 | 715 |

விற்பனைக்கணக்கில் இரண்டுமே 1,050 சதுர அடி. வெளிச்சுவர், பால்கனி, சர்வீஸ் ஏரியா எல்லாம் சேர்த்து பில்ட்-அப் 840 வரும். மாடிப்படி, லிஃப்ட், வராண்டாவுக்காக அதன் மேல் கால் பங்கு ஏற்றினால் 1,050. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான விளக்கம் கொடுத்திருக்கிறது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் கணக்கில் உண்டு. வெளிச்சுவர், பைப் போகும் ஷாஃப்ட், உங்களுக்கென்றே உள்ள பால்கனி, திறந்த மாடி ஆகியவை கிடையாது. அதனால் விற்பனைக்காரர் எந்த எண்ணைச் சொன்னாலும், "ரெரா கார்ப்பெட் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு திட்டங்களை ஒரே தராசில் வைக்க அந்த எண்தான் உதவும்.

சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் விலையும் 73.5 லட்சம். கார்ப்பெட்டுக்கு வகுத்தால் முதலாவதில் சதுர அடி 10,500 ரூபாய், இரண்டாவதில் சுமார் 10,280. இரண்டாவதில் 15 சதுர அடி அதிகம், பாசேஜில் இடம் வீணாகவும் இல்லை. பிரசண்டேஷனில் இதைத்தான் சொல்வார்கள், கேட்கவும் நன்றாகவே இருக்கும்.

இப்போது அந்த வீட்டுக்குள் நடந்து பார்ப்போம். மனிதர் நடக்க 3 அடி அகலம் வேண்டும். நடு ஹால் பிளானில் வாசல் மேற்கே, பால்கனி கிழக்கே. பெரிய படுக்கையறைக் கதவு இடப்பக்கச் சுவரில் 16 அடி தள்ளி இருக்கிறது. வாசலிலிருந்து அது வரை 3 அடிப் பட்டை என்றால் 48 சதுர அடி. வலப்பக்க ஓரமாக நடந்து வந்து இடப்பக்கம் குறுக்கே போக மீதி 9 அடி அகலத்துக்கு இன்னொரு 27. ஆக 75 சதுர அடியில் எந்தச் சாமானும் வைக்க முடியாது. பாசேஜ் இல்லை என்றார்களே, அது ஹாலுக்குள்ளேயே இருக்கிறது. சுவர் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

பாசேஜ் பிளானில் வாசல், டைனிங் பகுதியின் வடக்குச் சுவரில். பாசேஜின் வாய் அங்கிருந்து 6 அடி. அந்த 18 சதுர அடியும் பாசேஜின் 42-ம் சேர்ந்து 60. பால்கனிக்குப் போகும் வழியை இரண்டிலும் சேர்க்கவில்லை. உள்சுவரை விட்டுவிட்டு, அறைகளின் பரப்பிலிருந்து இந்த நடைபாதையைக் கழித்தால் முதலாவதில் 663 - 60, இரண்டாவதில் 678 - 75. இரண்டும் 603. 15 சதுர அடி லாபம் அங்கேயே கரைந்துவிட்டது.

இடம் சமம். ஆனால் சுவர் சமமில்லை. பாசேஜ் பிளானின் ஹாலில் வாசலும் சமையலறைத் திறப்பும் டைனிங் பக்கமே முடிந்துவிடுகின்றன. பால்கனிப் பக்கம் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே 14 அடி வெறும் சுவர் கிடைக்கிறது. ஒரு பக்கம் 7 அடி சோபா, எதிர்ப்பக்கம் டி.வி. ஹாலின் 11 அடி அகலத்தில் சோபாவுக்கு 3 அடி, டி.வி. யூனிட்டுக்கு ஒன்றரை போனாலும் நடுவில் ஆறரை அடி மிச்சம். பின்னால் நடமாட்டம் இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கலாம்.

நடு ஹால் பிளானில் இடப்பக்கச் சுவரில் சமையலறைத் திறப்பு, பிறகு பெரிய படுக்கையறைக் கதவு. இரண்டுக்கும் நடுவே 10 அடி. சோபாவுக்குத் தாராளம். எதிர்ச்சுவரைப் பாருங்கள்: பாத்ரூம் கதவு, நாலரை அடி சுவர், சின்ன படுக்கையறைக் கதவு. டி.வி. அந்த நாலரை அடியில்தான் போக வேண்டும். அதாவது டி.வி. பார்க்கும் எல்லோரும் பாத்ரூம் கதவையும் சேர்த்தே பார்ப்பார்கள். வீட்டில் நடப்பவர்கள் எல்லோரும் டி.வி.க்கு முன்னால்தான் நடப்பார்கள். சோபாவைப் பால்கனிப் பக்கம் தள்ளினால் எதிரே 5 அடிச் சுவர், அதை ஒட்டியே படுக்கையறைக் கதவு. வரைபடத்தில் அந்தச் சோபா எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும் கதவுகளுக்கு நடுவே உள்ள சுவரின் நீளத்தை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். பிரோஷரில் சோபாவையும் கட்டிலையும் ஒரு சுற்று சின்னதாக வரைவதும் உண்டு.

இதில் மானம் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. விருந்தாளி ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுப் பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவர்களைக் கடந்துதான் அறைக்குப் போக வேண்டும் என்றால், அது ஒரு நாள் சங்கடம் அல்ல. பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் கதவு டி.வி.யை ஒட்டி இருப்பதும் அப்படித்தான். பாசேஜ் பிளானில் பாத்ரூமும் படுக்கையறைகளும் ஹாலின் பார்வைக்குப் பின்னால் போய்விடுகின்றன. 42 சதுர அடிக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

நடு ஹால் பிளானுக்கு நியாயம் செய்யாமல் விடக்கூடாது. வளைகாப்பு, பெயர் சூட்டல், நவராத்திரி கொலு என்று வீடு நிறைய ஆள் கூடும் குடும்பத்துக்கு 12 x 24 ஹால் பெரிய வசதி. சோபாவை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வரிசையாகப் பந்தி போடலாம். தவழும் குழந்தை இருந்தால் சமையலறையிலிருந்தே கண் வைத்துக்கொள்ளலாம். வீல்சேர் தேவைப்படும் பெரியவர் இருந்தாலும் இதுதான் சுலபம். பாசேஜ் 3 அடியாகக் குறுகி, அதில் வளைவும் இருந்தால் வீல்சேர் திரும்பாது, பீரோவைச் சாய்த்துத் தூக்குவதும் படாத பாடு. பாசேஜ் பிளான் எடுப்பவர்கள் மூன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 15, 18 அடி என்று பாசேஜ் நீண்டுகொண்டே போனால் நான் சொன்ன கணக்கும் தலைகீழாகிவிடும்.

வெயிலிலும் காற்றிலும் நடு ஹால் பிளான் ஜெயிக்கிறது. அதன் இரண்டு படுக்கையறைகளும் கிழக்கே, பால்கனியை ஒட்டி. மேற்கு வெயில் விழுவது சமையலறை, பாத்ரூம் பக்கம். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். பால்கனிக் கதவையும் வாசலில் கிரில் கேட் போட்டு உள்கதவையும் திறந்து வைத்தால் காற்று நேராக ஓடும். பாசேஜ் பிளானில் ஹால் கிழக்கே, படுக்கையறைகள் மேற்கே. கத்திரியில் மத்தியானம் முழுக்கச் சூடேறிய மேற்குச் சுவர், நாம் படுக்கப் போகும் நேரத்தில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே தளத்தில் எதிரும் புதிருமாக, கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பிக் கட்டிய வீடு பெரும்பாலும் இருக்கும். பிரோஷரில் ஒரு வீட்டைத்தான் பெரிதாகப் போடுவார்கள். முழுத் தளத்தின் பிளானைக் கேட்டு வாங்கி, மூலையில் உள்ள வடக்கு அம்புக்குறியை வைத்து, படுக்கையறைகள் கிழக்கே வரும் வீடு எது என்று பாருங்கள். வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நினைக்க வேண்டாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயிலே வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

வெளிச்சத்தில் நடு ஹால் பிளான் சறுக்குகிறது. ஜன்னல் மேல்விளிம்பின் உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். 7 அடி உயரத்துக்கு 14 முதல் 17 அடி. 24 அடி ஹாலின் மறுகோடியில், டைனிங் டேபிள் போடும் இடத்தில், பகலிலேயே லைட் எரியும். பால்கனிக்கு மேலே இன்னொரு பால்கனி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு நடு ஹால் பிளான் சரிப்படாது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பாத்ரூம் வருகிறது. பாசேஜ் பிளானில் அங்கே படுக்கையறை வரும், பீரோவையும் வழக்கப்படி வடக்கு பார்த்து வைக்கலாம். ஆனால் திருப்பிக் கட்டிய வீட்டை எடுத்தால் இதுவும் மாறிவிடும். கன்னி மூலையா, மேற்கு வெயிலா என்று வந்தால் நான் வெயிலைத்தான் முதலில் பார்ப்பேன். அது அவரவர் நம்பிக்கை.

சின்ன படுக்கையறை இரண்டிலும் 10 x 11. இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: ஒரு சென்டிமீட்டர் ஓர் அடி என்று வைத்து ஏ4 தாளில் அறையை வரையுங்கள். 24 அடி ஹால்கூட அதில் அடங்கும். 5 x 6½ கட்டில், 2 அடி ஆழ வார்ட்ரோப், 3 அடிக் கதவின் வட்டம் ஆகியவற்றைத் தனியாக வெட்டி நகர்த்திப் பாருங்கள். வடக்கே தலை வைக்க மாட்டோம் என்றால் கட்டிலுக்கு இடம் இன்னும் சுருங்கும். 11 அடியில் கட்டிலும் வார்ட்ரோப்பும் எட்டரை அடி எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டரை. அங்கே ஸ்லைடிங் கதவு வார்ட்ரோப்தான் வசதி. மூலையில் காலம், அதாவது கான்கிரீட் தூண், துருத்திக்கொண்டிருந்தால் அதையும் வரைய வேண்டும். பிளானில் போட்ட அளவு செங்கல் சுவருக்கா, பூச்சு முடிந்த சுவருக்கா என்றும் கேளுங்கள். நாலரை அடி பாத்ரூமில் பூச்சும் டைல்ஸும் சேர்ந்தால் ஓரிரு அங்குலம் போய்விடும். கட்டி முடித்த மாதிரி வீட்டைப் பார்க்கப் போனால் தரை டைல்ஸை எண்ணினாலே போதும். 600 மில்லிமீட்டர் டைல்ஸ் ஒன்று கிட்டத்தட்ட 2 அடி.

நான்கைந்து பேர், அதில் ஒரு பெரியவர், படிக்கிற பிள்ளைகள் என்று இருக்கும் வீட்டுக்கு நான் பாசேஜ் பிளானைத்தான் சொல்வேன், படுக்கையறை கிழக்கே வரும்படி திருப்பிக் கட்டியதாக இருந்தால். புதுமணத் தம்பதிக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் நடு ஹால் பிளான் மோசமில்லை, ஒரு நிபந்தனையோடு: பொது பாத்ரூம் கதவு ஹாலைப் பார்க்கக்கூடாது. கட்டடம் இன்னும் எழும்பவில்லை என்றால் இதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். காலம், பீம் போட்டு நடுவில் செங்கல் அடைக்கும் கட்டடத்தில் நாலரை அங்குல உள்சுவரையும் கதவையும் நகர்த்த முடியும். ஷாஃப்ட்டும் காலமும் நகராது. மைவான் முறையில் சுவரையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள் என்றால் ஒரு கதவைக்கூட பிறகு மாற்ற முடியாது. ஒத்துக்கொண்ட மாற்றத்தை வாய்ப்பேச்சில் விடாமல், விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்கும் பிளானில் வரைந்து கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே பெரிய தொகை கை மாறுவதற்கு முன்பே கதவு எங்கே என்பதை முடித்துவிடலாம்.